ஞாயிறு மதியம் 253 வோல்ட்: மொட்டைமாடி சோலார் அணைந்து அணைந்து எரிவது ஏன்?

மேல்மாடி_தண்டையார்பேட்டை
12 வீடு அடுக்ககம். மாடியில் 540 வாட் பேனல் 6, மொத்தம் 3.24 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் மாடியிலேயே, தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறது. அங்கிருந்து தரைத்தள மீட்டர் போர்டுக்கு 28 மீட்டர் கேபிள் இறங்குகிறது. நெட் மீட்டர் (உள்ளே வந்த யூனிட்டிலிருந்து வெளியே போனதைக் கழிக்கும் மீட்டர்) வந்துவிட்டது.

வார நாளில் சிக்கல் அதிகமில்லை. ஞாயிறு 11 மணியிலிருந்து 2 மணி வரை 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' (மின்வாரிய லைனில் வோல்டேஜ் அதிகம்) என்று காட்டி அணைகிறது. ஒரு நிமிடம் கழித்து வருகிறது, திரும்ப அணைகிறது. பொருத்தியவர் "லைன் கோளாறு, லிமிட்டை 270-க்கு ஏத்திடலாம்" என்கிறார். ஏற்றலாமா? ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

நானூத்திமுப்பத்திமூணு
270-க்கு ஏற்ற வேண்டாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 இணைப்பு விதிப்படி, மின்னழுத்தம் பெயரளவு (லைனுக்கென்று குறித்த) வோல்டேஜின் 80 முதல் 110 சதவீதத்துக்கு வெளியே போனால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலக வேண்டும். லைன் சீரானபின் குறைந்தது 60 விநாடி காத்திருந்துதான் திரும்ப இணைய வேண்டும். நீங்கள் சொல்லும் 'ஒரு நிமிடம்' அந்த 60 விநாடிதான். அதாவது இன்வெர்ட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

110 சதவீதம் சரி, எதன் 110 என்பதில்தான் குழப்பம். பெயரளவு 230 என்றால் 253. 240 என்றால் 264. உங்கள் இன்வெர்ட்டரில் நாட்டு அமைப்பு (கன்ட்ரி செட்டிங்) எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 270 எந்தக் கணக்கிலும் வராது. அதை வைத்தால் உங்கள் ஃபேஸில் இருக்கும் பக்கத்து வீட்டு டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து அடி வாங்கும்.

மதியம் ஏன் ஏறுகிறது? தெரு ட்ரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: 11000/433. அந்த 433 இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள வோல்ட். ஒரு ஃபேஸுக்கு எவ்வளவு என்று பார்க்க அதை 1.732-ஆல் வகுத்தால் 250. லோடு இல்லாதபோது ஃபேஸுக்கு 250 வோல்ட் கொடுக்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. வழியில் விழும் வோல்டேஜைக் கணக்கில் வைத்துச் செய்த ஏற்பாடு. மின்சாரம் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கு மட்டுமே போன காலத்தில் இது சரி. ஞாயிறு பட்டறை மூடி, கடை மூடி, லோடு குறைந்து, மேலே வெயிலும் கொளுத்தினால் 250-க்குப் பக்கத்தில் நிற்கும். அதன் மேல் நீங்கள் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு உங்களுக்கு இருக்கும் இடமே 3 வோல்ட்.

உப்புக்காத்து
அண்ணே சொன்னதோடு கேபிளையும் சேர்த்துக்குங்க. 28 மீட்டர்னா போக வர 56 மீட்டர். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். அதைக் கீழே தள்ளும்போது கேபிளின் தடையால் இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் ஏறும். செம்புக் கம்பிக்கு:

2.5 ஸ்கொயர் எம்எம், கிலோமீட்டருக்கு 7.41 ஓம், ஏறுவது 5.4 வோல்ட்.
4 ஸ்கொயர் எம்எம், 4.61 ஓம், 3.4 வோல்ட்.
6 ஸ்கொயர் எம்எம், 3.08 ஓம், 2.2 வோல்ட்.
10 ஸ்கொயர் எம்எம், 1.83 ஓம், 1.3 வோல்ட்.

இது 20 டிகிரி கணக்கு. வெயிலில் காயும் பைப்புக்குள்ள இன்னும் 15 சதவீதம் கூட்டிக்குங்க. ஆம்பியர் தாங்குதான்னு மட்டும் பார்த்து 2.5 போட்டுட்டுப் போறவங்கதான் அதிகம். தாங்கும், சூடாகாது, தீயும் பிடிக்காது. ஆனா உங்க 3 வோல்ட் இடத்தை அதுவே தின்னுடும்.

மாத்துறதுக்கு முன்னாடி அளங்க. நல்ல வெயிலில் 10 மணி வாக்கில், இன்வெர்ட்டர் அணையாத நேரமா பாருங்க. இரண்டு பேர், இரண்டு வோல்ட் மீட்டர், ஃபோனில் பேசிக்கிட்டே. இன்வெர்ட்டர் ஏசி (மாறுமின்னோட்டம்) முனையில் ஒருத்தர், மீட்டர் போர்டில் ஒருத்தர். சோலார் ஓடும்போது ஒரு ரீடிங், ஏசி ஐசோலேட்டரை (துண்டிக்கும் சுவிட்சை) இறக்கி அரை நிமிஷத்துக்குள்ள இன்னொண்ணு. ஐந்து தடவை. தெருவில் லோடு மாறிக்கிட்டே இருக்கும், ஒரு தடவை எடுத்த எண்ணை நம்பாதீங்க. போர்டில் மூணு ஃபேஸையும் (ஆர், ஒய், பி) எழுதிக்குங்க, உங்க ஃபேஸை மட்டும் இல்ல. போர்டு அளவை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் எடுக்கட்டும். தெரு பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் விநியோகப் பெட்டி) பக்கம் யாரும் போகக் கூடாது, அது லைன்மேன் வேலை.

பேசின்பிரிட்ஜ்_பாலம்
இவ்வளவு எதற்கு? ட்ரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சை) ஒரு படி இறக்கச் சொல்லி மனு கொடுங்கள். ஒரு படி 2.5 சதவீதம், 6 வோல்ட் குறையும். தெரு முழுக்க எல்லா சோலாரும் பிழைக்கும்.

கடைசிக்_கம்பம்
தலைவா, சோலார் இருக்கற வீட்டுக்கு மட்டும் யோசிச்சா எப்படி? அதே ட்ரான்ஸ்ஃபார்மர்ல கடைசி பில்லர்ல தொங்கற வீடும் இருக்கு. மே மாசம் ராத்திரி 9 மணிக்கு எல்லா வீட்டுலயும் ஏசி ஓடும்போது அங்க 205 வருதுன்னு வெச்சுக்க. ஒரு படி இறக்கினா 199. ஏசி கம்ப்ரஸர் உறுமும், ஸ்டார்ட் ஆகாது. போர் மோட்டார் காயில் கருகும். அந்த டேப் சுவிட்ச் சப்ளையை நிறுத்தித்தான் திருப்பணும். மதியம் இறக்கி ராத்திரி ஏத்தற வேலை நடக்காது. ராத்திரி ரீடிங் இல்லாம டேப் மனு கொடுக்காதீங்க.

நானூத்திமுப்பத்திமூணு
கடைசிக் கம்பம் சொல்வதுதான் இந்தப் பிரச்சினையின் கரு. மதியம் 250, இரவு 205: ஒரே தெரு, ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு நிலையான டேப்பால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

தினமும் மாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. துணை மின்நிலையத்தின் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரில் லோடு ஓடும்போதே டேப் மாறும் அமைப்பு இருக்கும். மதியம் 11 கேவி பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, மாலை உயர்த்தலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கொருக்குப்பேட்டைக் கடைசி வீட்டில் எத்தனை வோல்ட் என்று தெரியாது. அவருக்குத் தெரிவது அவர் பஸ்பாரின் (நிலையத்தில் மின்சாரம் பிரியும் பொதுத் தண்டின்) வோல்ட் மட்டும். ஸ்மார்ட் கிரிட் என்று மேடையில் பேசுகிறார்களே, வீட்டுக்காரருக்கு அதன் பொருள் இதுதான்: கடைசி வீட்டின் வோல்ட் அந்த டேப்புக்குத் தெரிய வேண்டும்.

மீட்டர்_மணலி
அங்கேதான் ஸ்மார்ட் மீட்டர் வருகிறது. சிலர் அதை ஆள் வராமல் ரீடிங் எடுக்கும் பெட்டி என்றும், சிலர் ப்ரீபெய்ட் பூட்டு என்றும் நினைக்கிறார்கள். ஐஎஸ் 16444 என்ற இந்தியத் தரத்து மீட்டர் யூனிட்டோடு நிற்பதில்லை. 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜ், உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் என்று கட்டம் கட்டமாகப் பதியும். கரண்ட் போன கணத்தில், உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வைத்துக் கடைசியாக ஒரு செய்தியும் அனுப்பும். உள்ளேயே துண்டிக்கும் சுவிட்சும் உண்டு. சென்னையில் தி.நகரில் முன்னோடியாகப் பொருத்தியது இந்த வகைதான்.

இந்த வோல்டேஜ் வரிசையை வைத்து என்ன செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, எந்த வீடு எந்த ஃபேஸில் என்று கண்டுபிடிப்பது. பழைய தெருக்களில் இதற்குச் சரியான ஏடு கிடைப்பது அபூர்வம். ஃபேஸ் போனபோது லைன்மேன் கடைசியாக எந்தக் கம்பியில் மாற்றிவிட்டாரோ அதுதான். ஒரே ஃபேஸில் இருக்கும் வீடுகளின் வோல்ட் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒரு வாரத் தரவை வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும். பத்து வீட்டு 3 கிலோவாட் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தால் அந்த ஒரு கம்பியில் மட்டும் 130 ஆம்பியர் திரும்பி வரும். நாலு வீட்டை அடுத்த ஃபேஸுக்கு மாற்றினால் புதுக் கேபிள் இல்லாமலே வோல்ட் இறங்கும்.

இரண்டு, ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் வைத்து, வீட்டு மீட்டர்களின் கூட்டலோடு ஒப்பிடுவது. வித்தியாசம்தான் இழப்பும் கொக்கித் திருட்டும். ஆனால் எந்த வீடு எந்த ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற பட்டியல் தவறாக இருந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் குப்பை.

மூன்று, நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி) தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பது. ஒரு ஃபேஸ் இறங்கும் அதே நிமிடத்தில் மற்றது ஏறினால் அது லோடு ஆட்டம் அல்ல.

தகவல் தொடர்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்டருக்கு மீட்டர் தாவிப் போகும் ரேடியோ வலை 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி இடங்களில் மாடிப்படிக்கு அடியில், இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள் 20 மின்மீட்டர்கள் இருந்தால் சிக்னல் வெளியே வராது. பெட்டிக் கதவை மாற்றவோ வெளியே ஆன்டெனா வைக்கவோ வேண்டியிருக்கும். டெண்டர் போடும்போது இந்தக் கதவுகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

பேசின்பிரிட்ஜ்_பாலம்
சாங்ஷன் லோடை (வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட்டை) தாண்டினால் ஸ்மார்ட் மீட்டர் அபராதம் போட்டுவிடும் என்று பயம் இருக்கிறதே?

மீட்டர்_மணலி
2023-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதியைப் படியுங்கள். ஸ்மார்ட் மீட்டர் காட்டும் உச்சத் தேவையை (எடுத்த அதிகபட்ச லோடை) வைத்து, அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. அதன்பின் ஏதாவது ஒரு மாதத்தில் சாங்ஷன் லோடைத் தாண்டினால் அந்தப் பில் மட்டும் உண்மை அளவில் வரும். சாங்ஷன் லோடையே உயர்த்த வேண்டுமானால் ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டியிருக்க வேண்டும். அதே விதியில், பகல் சோலார் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்கும் நேரவாரிக் கட்டணமும் சொல்லப்பட்டிருக்கிறது.

மேல்மாடி_தண்டையார்பேட்டை
அப்படியானால் பேட்டரி வைத்து மதிய மின்சாரத்தைச் சேமித்து இரவில் எடுத்தால் மிச்சம்தானே?

உப்புக்காத்து
நெட் மீட்டர் இருக்கற வீட்டுக்கு இப்போ மிச்சம் இல்ல. மதியம் வெளியே தள்ளின ஒரு யூனிட்டும் ராத்திரி உள்ளே எடுத்த ஒரு யூனிட்டும் பில்லில் சமம். காசில்லாத பேட்டரிதான் கிரிட். பேட்டரியில் போட்டு எடுத்தா பத்தில் ஒரு பங்கு வழியில் போகும், பேட்டரி விலை தனி. நேரவாரிக் கட்டணம் வீட்டுக்கு வந்தா கணக்கு மாறும்.

உங்க காசு இப்போ மிச்சமாகிறது ஸ்லாபில். சென்னையில் கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட், 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாசத்தில் 720. 1,100 யூனிட் ஓடுற வீடு 380-க்கு இறங்கும். 500 யூனிட் கோட்டைத் தாண்டினா 101-200 யூனிட்டுக்கான சலுகை விலை போயிடும், அந்த ஒரு யூனிட்டுக்கே 200 ரூபாய்க்கு மேல் ஏறும். சோலார் முதலில் வெட்டுறது விலை கூடின மேல் ஸ்லாபை. மத்திய அரசின் மொட்டைமாடி சோலார் திட்டமான பிஎம் சூர்ய கர் மானியமும் 3 கிலோவாட்டோடு நின்னுடுது: முதல் இரண்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. உள்நாட்டு செல்லில் செய்த பேனலுக்கு மட்டும்.

கரண்ட் போகும்போது ஃபேன் ஓடணும்னா பேட்டரி தேவை, அது வேற கதை. நம்ம ஊரில் இன்வெர்ட்டர்னா பேட்டரியோட இருக்கறதுன்னு அர்த்தம், அதனால் 'சோலார் இன்வெர்ட்டர் இருக்கே, கரண்ட் போனா ஏன் அணையுது'ன்னு கேக்காத ஆளில்ல. கிரிட்டோடு சேர்ந்த சோலார், லைன் செத்தா தானும் சாகணும், இல்லாட்டி கம்பத்தில் ஏறின லைன்மேன் சாவார். இன்னொண்ணு: வீட்டுப் பேட்டரி இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் இந்த சோலாரைக் கோர்க்காதீங்க. லைன் இருக்குன்னு ஏமாந்து அது உள்ளே தள்ளும், பேட்டரி இன்வெர்ட்டரின் போர்டு போயிடும்.

அத்திப்பட்டு_அலைவரிசை
வீட்டுக்கு மிச்சமில்லை, சரி. ஆனால் கிரிட்டுக்கு அந்த மதிய யூனிட்டும் இரவு யூனிட்டும் சமம் இல்லை. தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மதியத் தேவையைச் சூரியன் தாங்கிவிடும். 6 மணிக்கு அது இறங்கும்போதுதான் விளக்கும் ஏசியும் ஏறும். மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை கைகொடுக்கும், மற்ற மாதங்களில் மாலையைச் சுமப்பது நிலக்கரியும் நீர்மின்சாரமும்.

நமக்குப் பக்கத்து ஊர்க் கதையாகவே பாருங்கள். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடியாயிற்று. அத்திப்பட்டில் வடசென்னை நிலையம்: 210 மெகாவாட்டில் மூன்று, 600-ல் இரண்டு, 2024 மார்ச்சில் திறந்த 800. வல்லூரில் 500-ல் மூன்று. இந்த பாய்லர்களை மதியம் அணைத்து மாலை பற்றவைக்க முடியாது. 55 சதவீதம் வரை தாழ்த்தி ஓட்டி, மாலை திரும்ப ஏற்ற வேண்டும். தாழ ஓட்டும்போது யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடும், குழாய்கள் சூடேறித் தணிந்து களைக்கும். அதனால் தண்டையார்பேட்டையில் ஒரு வாஷிங் மெஷினையும் தொட்டி மோட்டாரையும் இரவு 8-லிருந்து மதியம் 12-க்கு நகர்த்துவது அத்திப்பட்டு பாய்லருக்கு நேரடி உதவி. உங்கள் 253 வோல்ட்டுக்கும் அதுவே உதவி: அடுக்ககத்தின் 2 குதிரைத்திறன் மோட்டாருக்கு 1,500 ரூபாய் டைமர் ஒன்று வைத்து ஞாயிறு 11.30-க்கு ஓடவிடுங்கள்.

கடைசிக்_கம்பம்
மோட்டார் வேற ஃபேஸ்ல இருந்தா?

அத்திப்பட்டு_அலைவரிசை
அப்போது உதவாது. மூன்று ஃபேஸ் மோட்டாரானால் மூன்றில் ஒரு பங்கு உதவும். நல்ல கேள்வி.

உப்புக்காத்து
இழை வேற பக்கம் போகுறதுக்கு முன்னாடி, இந்தக் கடற்கரைக்கே உரிய ஒண்ணு. எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கம் பேனலில் விழறது சாதாரண தூசி இல்ல, நிலக்கரித் தூளும் சாம்பலும். விடிகாலைப் பனியில் நனைஞ்சு கீழ் விளிம்பில் விரல் அகலப் பட்டையா இறுகிக்கும். பேனல் மேலே பளபளன்னு இருக்கும், கீழ் வரிசை செல் மட்டும் இருட்டில். போர் தண்ணியில் கழுவினா வெள்ளை உப்புப் படலம் ஒட்டிக்கும், அது சாம்பலைவிடப் பிடிவாதம். மெட்ரோ வாட்டர், மென்மையான துடைப்பான், சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி. சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க.

மழை நாள் காலையில் இன்வெர்ட்டரில் 'இன்சுலேஷன் லோ' (மின்காப்பு குறைவு) வந்தா, பேனல் இணைப்பு முனைகள் தரையில் தண்ணியில் கிடக்குதான்னு பாருங்க. கம்பியோட கட்டித் தூக்கி வையுங்க. மிக்ஜாம் மாதிரி வெள்ளத்தில் தெருவுக்கே சப்ளையை நிறுத்தினாலும், வெயில் இருந்தா உங்க 6 பேனல் தொடரில் 300 வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்) உயிரோடதான் இருக்கும். மாடி டிசி ஐசோலேட்டரை இறக்கிட்டுத்தான் எதையும் தொடணும், இறக்கினாலும் பேனல் பக்கத்துக் கம்பி உயிர்தான்.

மேல்மாடி_தண்டையார்பேட்டை
அளந்தாயிற்று. சனி காலை 10.10, இன்வெர்ட்டர் 2 கிலோவாட், 8 ஆம்பியர். ஐந்து முறை எடுத்த சராசரி.

சோலார் ஓடாதபோது போர்டில்: ஆர் 243.5, ஒய் 241, பி 242.
ஓடும்போது போர்டில்: ஆர் 246, ஒய் 240, பி 241.
ஓடும்போது இன்வெர்ட்டரில்: 250.

கேபிள் 2.5 தான். சோலார் இருப்பது ஆர் ஃபேஸ். வெளியே பில்லரிலிருந்து போர்டு வரை 15 மீட்டர், 10 ஸ்கொயர் எம்எம் அலுமினியம்.

பேசின்பிரிட்ஜ்_பாலம்
கேபிளில் 4 வோல்ட். கேபிளை மாற்றுங்கள், டேப் மனுவும் கொடுங்கள். முடிந்தது.

மீட்டர்_மணலி
முடியவில்லை. ஒய், பி இரண்டையும் பாருங்கள்.

மாடிக் கேபிளின் 4 வோல்ட் கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆனால் போர்டில் 2.5 வோல்ட் ஏன் ஏற வேண்டும்? 15 மீட்டர் அலுமினியம் போக வர 0.09 ஓம். 8 ஆம்பியருக்கு 0.7 வோல்ட்தான் ஏற வேண்டும். ஏறத்தாழ 1.8 வோல்ட் அதிகம், அதாவது எங்கோ 0.2 ஓம் உட்கார்ந்திருக்கிறது. அது ஆர் கம்பியில் இருந்தால் ஒய், பி அசையாது. இங்கே இரண்டும் ஆளுக்கு 1 வோல்ட் இறங்குகிறது. ஒன்று ஏற, மற்ற இரண்டும் அதில் பாதி இறங்கினால் நியூட்ரல் புள்ளி நகர்கிறது என்று பொருள். 0.2 ஓம் பொது நியூட்ரலில் இருக்கிறது.

உப்புக்காத்து
ஆமா, இதுதான். போர்டு நியூட்ரல் லிங்கிலோ (நியூட்ரல் கம்பிகள் சேரும் பட்டை) பில்லரிலோ அலுமினியம் லக் (கம்பி நுனி மாட்டி) செம்பில் உட்கார்ந்திருக்கும். உப்புக் காத்தில் இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், பார்த்தா சுண்ணாம்பு மாதிரி. ராத்திரி மூணு ஃபேஸிலும் லோடு சமமில்லாம நியூட்ரலில் 30 ஆம்பியர் போனா, அந்த ஒரு லக்கில் 180 வாட் சூடு. மூணு நாலு சால்டரிங் அயர்ன் சேர்த்து வெச்ச மாதிரி. ஒரு நாள் அது விட்டுப்போனா சில வீட்டுக்கு 350 வோல்ட்டுக்கு மேலேயும் போகும். உங்க இன்வெர்ட்டர் 2 விநாடியில் ஒதுங்கிக்கும். டிவிக்கு அந்த வசதி இல்ல.

நானூத்திமுப்பத்திமூணு
டேப் மனு வேண்டாம், நிறுத்துங்கள். ஞாயிறு கணக்கைப் பாருங்கள். சோலார் இல்லாத அடிப்படை 248 என்று வைத்தால் இப்போது 13 ஆம்பியருக்கு போர்டில் 4, கேபிளில் 6, மொத்தம் 258. நியூட்ரலைச் சரிசெய்தால் போர்டில் 1.2. கேபிளை 10-ஆக மாற்றினால் அங்கே சூட்டோடு 1.5. மொத்தம் 250.7. 253-க்குள் வந்துவிட்டது, டேப்பைத் தொடாமலே. கடைசிக் கம்பத்துக்கும் 6 வோல்ட் மிச்சம்.

வரிசை முக்கியம். போர்டுக்குள்ளே இருக்கும் லிங்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டுப் பார்க்கட்டும். அங்கே சுத்தமாக இருந்தால் பில்லர் பக்கம். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் 'லோ வோல்டேஜ்' என்று பதியாதீர்கள், ஃபேஸ் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். 'நியூட்ரல் லூஸ், மூன்று ஃபேஸ் ரீடிங் இருக்கிறது' என்று சொல்லிப் பதியுங்கள். புது லக் இருஉலோக (அலுமினியமும் செம்பும் சேர்ந்த) வகையாக இருக்கட்டும்.

கடைசிக்_கம்பம்
அதுவரைக்கும் ராத்திரி 8-லிருந்து 10 வரைக்கும் ஒய், பி வீட்டுக்காரங்க கீஸரையும் ஏசியையும் ஒண்ணா போட வேணாம்னு படிக்கட்டுல ஒரு சீட்டு ஒட்டிடுங்க.

மேல்மாடி_தண்டையார்பேட்டை
எலக்ட்ரீஷியன் நாளைக் காலை 7 மணிக்கு வருகிறார். சோலார் ஐசோலேட்டரை இப்போதே இறக்கிவிட்டேன். சரிசெய்தபின் அதே மூன்று ஃபேஸ் ரீடிங்கை இங்கேயே போடுகிறேன்.